அனுப்பியாயிற்று

ஜூன் 3, செவ்வாய்

கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் என் தலையில் ஒரு புது வேலையைக் கட்டிவிட்டார்கள். காவல் நிலையம், கோர்ட், அரசு வக்கீல் அலுவலகம், சிறை ஆகிய நான்கு இடங்களுக்கும் நடுவே எந்தத் தகவல் எப்படிப் போகிறது என்று ஒரு படம் வரையப் போகிறார்களாம். பிறகு அந்தப் படத்தை வைத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இணைத்துவிடுவார்களாம். அதற்காக ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து ஆக்னஸ் என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். இருபத்தாறு வயது இருக்கும். மாஜிஸ்திரேட் அம்மா அவளை என்னிடம் அனுப்பிவைத்து, இந்தக் கோர்ட்டில் நாச்சிமுத்துவுக்குத் தெரியாத காகிதம் கிடையாது என்றாராம். அம்மா ஏப்ரலில்தான் மாற்றலாகி வந்தார். அதற்குள் என்னைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினோரு வருஷமாக பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பது, அவர் சொல்லும் உத்தரவை எழுதி உரிய இடத்துக்கு அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. சொல்ல எளிது, செய்பவனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாளில் என்னென்ன காகிதம் என் கையைத் தாண்டிப் போகிறது என்று குறித்துவைக்கச் சொல்லி ஆக்னஸ் ஒரு நோட்டுக் கொடுத்தாள். அது அவளுக்கு. மனசில் உள்ளதை எழுத இன்னொரு நோட்டு நானே வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. வசந்தாமணி காலையிலிருந்து குடத்தோடு கீழே போய் வந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 5, வியாழன்

ஆக்னஸ் பெரிய தாளில் நான்கு பெட்டி போட்டுவிட்டாள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்றதற்கு அம்புக்குறி. முதல் தகவல் அறிக்கை போலீஸிலிருந்து கோர்ட்டுக்கு, ரிமாண்டு உத்தரவு கோர்ட்டிலிருந்து சிறைக்கு, ஜாமீன் வந்தால் விடுதலை உத்தரவு கோர்ட்டிலிருந்து சிறைக்கு. நான் சொல்லச் சொல்ல வரைந்தாள். சின்னப் பெண் என்று நினைத்தேன், கேள்விகள் மட்டும் கிடுக்கிப்பிடி.

விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கோர்ட்டுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அனுப்புகைப் பதிவேட்டில் தேதியும் எண்ணும் ஏறிவிட்டால் அனுப்பியாயிற்று என்று அர்த்தம் என்றேன். அது அனுப்பியது, சேர்ந்தது எங்கே பதிவாகும் என்றாள். அனுப்பினால் சேராமல் எங்கே போகும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோர்ட்டிலிருந்து சிறைக்குப் போகும் அம்புக்குறியின் முனையில் ஒரு கேள்விக்குறி போட்டாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

மோட்டார்காரன் நாளைக்கு வருகிறேன் என்றான். அவன் நாளைக்கு என்றால் அடுத்த வாரம்.

இருபதாம் தேதி சிரஸ்தார் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறதாம். இன்னும் ஐந்து வருஷ சர்வீஸ் இருக்கிறது. இப்போது விட்டால் பெஞ்ச் கிளார்க்காகவே மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஜூன் 9, திங்கள்

ஜனவரியில் போன விடுதலை உத்தரவுகளில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றும் கடைசிவரை போன வழியைத் தேடலாம் என்கிறாள் ஆக்னஸ். கட்டுகளை நானே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மதியம் அந்தப் பெண் மறுபடியும் வந்திருந்தாள். சுகுணா. புருஷன் சென்னியப்பன், பள்ளிக்கூட வேன் டிரைவர், பேட்டரி திருட்டுக் கேஸில் உள்ளே இருக்கிறான். ஜனவரியிலிருந்து இது ஐந்தாவது தடவை. இங்கே வந்தால் உத்தரவு போய்விட்டது என்கிறோம், ஜெயிலுக்குப் போனால் வரவில்லை என்கிறார்கள் என்று அதே பாட்டு. வக்கீலும் ஜாமீன் வாங்கியதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டாராம். பதிவேட்டைத் திருப்பித் தேதியையும் எண்ணையும் காட்டினேன். இந்த எண்ணைச் சொல்லி அங்கே கேளும்மா என்றேன். போன தடவையும் இதைத்தான் சொன்னேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டதாம். இந்த மாதம் முடிவதற்குள் வந்தால்தான் வேன் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். அதை என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜெயில் ஆட்களின் அலட்சியத்துக்கு நானா பொறுப்பு?

ஜூன் 10, செவ்வாய்

கட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு சரியாக இருந்தது. ஏழாவதாக அந்த சென்னியப்பன் கட்டையே எடுத்தேன். பதிவேட்டில் உள்ளபடி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று ஆக்னஸிடம் காட்டலாம் என்ற எண்ணம்தான்.

நடுவில் ஒரு பழுப்பு உறை நூல் போட்டுத் தைக்கப்பட்டிருந்தது. பிரித்தால் விடுதலை உத்தரவு. ஜனவரி 10. கிளைச் சிறைக்கு அனுப்பியது. உறையின் மேல் கிளைச் சிறைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்: "இவர் டிசம்பரில் மத்திய சிறைக்கு மாற்றப்பட்டுவிட்டார். ஆணை திருப்பி அனுப்பப்படுகிறது." அதற்குக் கீழே, இங்கே திரும்பப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சுருக்கொப்பம். ஜனவரி 13.

அந்தச் சுருக்கொப்பம் என்னுடையது.

நினைவுக்கு வந்துவிட்டது. போகிப் பண்டிகை. மூன்று மணி பஸ்ஸுக்கு வசந்தாமணியின் ஊருக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வந்த தபால் மேஜையில் கிடந்தால் யாராவது தொலைத்துவிடுவார்கள் என்று அந்தந்தக் கட்டில் வைத்துத் தைத்துவிட்டேன். லீவு முடிந்து வந்து மத்திய சிறைக்கு மறுபடி அனுப்பலாம் என்று நினைத்தேன். ஒரு காகிதமும் தொலையக் கூடாது என்பது என் வழக்கம். இதுவும் தொலையவில்லை. ஐந்து மாதமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

மோட்டார்காரன் வந்தான். காயில் போய்விட்டதாம்.

ஜூன் 13, வெள்ளி

செய்ய வேண்டியது எளிது. புதிதாக ஓர் உத்தரவு தட்டச்சு செய்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, மத்திய சிறைக்கு அனுப்ப வேண்டும். அரைமணி நேர வேலை. ஆனால் அம்மா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஜனவரியில் போன உத்தரவு ஜூனில் ஏன் என்று கேட்பார். கேட்டால் உறையைக் காட்ட வேண்டும். காட்டினால் 17பி நோட்டீஸ். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன் மேல் ஒழுங்கு நடவடிக்கை. நடவடிக்கை நிலுவையில் இருப்பவன் பெயர் பட்டியலில் வராது.

நேற்றே தட்டச்சு செய்தேன். கிழித்தேன். இன்றும் செய்து மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இருபதாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம். ஐந்து மாதம் இருந்த மனிதனுக்கு ஒரு வாரம் பெரிசா? பட்டியல் வந்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. மேலே உள்ள வரியைத் திரும்பப் படித்தால் எனக்கே கூசுகிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜெயிலிலிருந்து வீடியோவில் நாற்பது பேரைக் காட்டுவார்கள். பெயரைப் படிப்பேன், ஆள் திரையில் வந்து நிற்பான், காவல் நீட்டிப்பு என்று எழுதுவேன். பிப்ரவரியிலிருந்து சென்னியப்பன் பெயரையும் ஒவ்வொரு தடவையும் நான்தான் படித்திருக்கிறேன். ஜாமீன் கிடைத்த ஆள் எப்படி வரிசையில் நிற்கிறான் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? புது அம்மாவுக்கு ஜாமீன்தாரர் வந்து கையெழுத்துப் போட்டது தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தை வாங்கியவனே நான்தான்.

ஜூன் 16, திங்கள்

ஆக்னஸ் பத்துக் கட்டையும் கேட்டாள். ஏழாவதாக வேறு ஒரு கட்டை வைத்துக் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்க கோர்ட் பரவாயில்லைங்க சார், நான்தான் ரொம்ப சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். கேள்விக்குறியை அழிக்கட்டுமா என்றும் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். அழித்துவிட்டாள். கம்ப்யூட்டர் இணைப்பு தயாராம், புதன்கிழமை ஒரு கேஸில் சோதித்துப் பார்க்கப் போகிறாளாம்.

வசந்தாமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு சர்க்கரை மாத்திரை போட்டீங்களா என்றாள். போட்டேன் என்றேன். அதுவும் பொய்.

ஜூன் 18, புதன்

தலைவலி. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

எழுதுவதற்கு இருக்கிறது.

நேற்று சென்னியப்பன் கேஸ் குற்றச்சாட்டு விசாரணைக்கு வந்தது. போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, நகல் கொடுத்தாகிவிட்டது. குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கும் கட்டம். இது நேற்று வரும் என்று தேதி போட்டவனும் நான்தான். பத்தாம் தேதிக்குப் பிறகு அந்தத் தேதியை மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

திரையில் வந்து நின்றான். முன்பு பார்த்ததற்கு இளைத்துவிட்டான். பேட்டரி எடுத்ததாகப் படித்துக்காட்டியதும், "ஒத்துக்கறனுங்க" என்றான். அவசரமாகச் சொன்னான், யாரோ சொல்லிக்கொடுத்ததைப் போல. ஏழு மாதம் உள்ளே இருந்தாயிற்று, ஒத்துக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உள்ளே பழையவர்கள் சொல்வதுண்டு. உண்மையும் அதுதான்.

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா" என்றார். அவன் பேசாமல் நின்றான். நான் பேனாவைப் பிடித்தபடி என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, அம்மா இவருக்கு ஜனவரியிலேயே ஜாமீன் ஆகிவிட்டது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. அவன் மறுபடியும் ஒத்துக்கறனுங்க என்றான்.

குற்றவாளி. இதுவரை சிறையில் இருந்த காலமே தண்டனை. உத்தரவை நான்தான் எழுதினேன்.

நேற்றுத்தான் ஆக்னஸின் புது இணைப்பை ஒரு கேஸில் சோதித்துப் பார்ப்பதாக இருந்தது. சாயங்காலம் தீர்ப்பான இந்தக் கேஸையே எடுத்துக்கொண்டாள். மூன்று நிமிஷத்தில் மத்திய சிறைக்குப் போனது. சரியான சிறைக்கு. அவர்கள் பெற்றுக்கொண்டோம் என்று பதில் போட்டார்கள். தண்டனை விவரம் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் குற்றப்பதிவேட்டுக்கும் அதே நேரத்தில் ஏறிவிட்டது. எல்லா அம்புக்குறியும் பச்சையாக மாறியதைக் காட்டி அவள் கை தட்டினாள். இவ்வளவு வருஷத்தில் ஒரு காகிதம் இவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. மூன்றாவது பெயர் என்னுடையது. வசந்தாமணி கேசரி செய்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

சுகுணா வந்தாள். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்க்கும் முன் போலீஸ் சான்று கேட்டிருக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டரில் திருட்டு வழக்கில் தண்டனை என்று வந்துவிட்டது. பிள்ளைகளை ஏற்றும் வேன், எப்படிக் கொடுப்போம் என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடம் மட்டும் இல்லை, இனி எந்தப் பள்ளிக்கூடமும் கொடுக்காது. தீர்ப்பு நகல் வேண்டும், ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறோம் என்றாள்.

மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க அனுப்பலியோன்னு நா ரெண்டு மூணு பேருகிட்டப் பேசிப்போட்டனுங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் நோட்டைத் தொறந்து காட்டுனீங்க. ஜெயில்லதான் எங்கியோ போட்டுட்டாங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! நான் பரவாயில்லைம்மா என்றேன். பரவாயில்லை என்று சொன்ன வாயை என்ன செய்வது?

அவன் பேட்டரியை எடுத்தானா என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. எடுத்திருந்தான் என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. "எடுக்கலீங்க. எடுத்திருந்தா மொத நாளே ஒத்துட்டு மூணு மாசத்துல வந்திருப்பாருங்க" என்றாள்.

ஜூன் 26, வியாழன்

காலையில் கோர்ட் கூடுவதற்கு முன் அம்மாவின் அறைக்குப் போனேன். கட்டை மேஜையில் வைத்து உறையைப் பிரித்துக் காட்டினேன். என் சுருக்கொப்பத்தைக் காட்டினேன். பத்தாம் தேதியே தெரியும் என்பதையும் சொன்னேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். உறையை இரண்டு தடவை படித்தார். "ஜனவரியில நடந்தது தப்பு, நாச்சிமுத்து. யாருக்கும் நடக்கும். பதினெட்டாம் தேதி நான் அந்த ஆள ரெண்டு தடவ கேட்டேன். எனக்குக் கீழ ஆறடி தூரத்துலதான உக்காந்திருந்தீங்க?" என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. மாவட்ட நீதிபதிக்கு அறிக்கை எழுதச் சொல்லி ஸ்டெனோவைக் கூப்பிட்டார்.

இலவச சட்ட உதவி வக்கீலிடம் போனேன். தானாக ஒப்புக்கொண்டதற்கு மேல்முறையீடு சாதாரணமாக நிற்காதாம். சட்டவிரோதமாக உள்ளே வைக்கப்பட்டிருந்தபோது வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார் என்று காட்டினால் ஹைகோர்ட்டில் ஒரு மனு போட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்கு என் பிரமாணப் பத்திரம் வேண்டும். திங்கள்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன்.

ஆக்னஸிடம் உண்மையான ஏழாவது கட்டைக் கொடுத்தேன். படித்தாள். படத்தை எடுத்து, கோர்ட்டுக்கும் சிறைக்கும் நடுவே உள்ள அம்புக்குறியின் முனையில் மறுபடி கேள்விக்குறி போட்டாள்.

பட்டியலில் என் பெயர் நிறுத்திவைக்கப்படும். வசந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீதிக் கேசரியை எடுத்துக் குப்பையில் கொட்டினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

சென்னியப்பன் வீட்டைக் கேட்டு விசாரித்துப் போனேன். ஒரே வரிசையாக ஏழு வீடு, கடைசி வீடு. வாசலில் சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னத் தெரியவில்லை, பாதி முடி வெளியே நின்றது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சுகுணா டீ வைக்க உள்ளே போனாள். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். போகி, உறை, பத்தாம் தேதி, இருபதாம் தேதி, பட்டியல், எல்லாம். சுகுணா உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டீ வரவில்லை.

சென்னியப்பன் பிள்ளையை உள்ளே போகச் சொன்னார். இதுவரை இந்த நோட்டில் அவரை அவன் என்றே எழுதிவந்திருக்கிறேன். அது இப்போதுதான் தெரிகிறது.

அடிப்பார் என்று நினைத்தேன். கேட்டார்:

"அன்னிக்கு டிவில உங்களப் பாத்தனுங்க சார். அம்மாவுக்குக் கீழ உக்காந்திருந்தீங்க. அவுங்க ரெண்டாந்தடவ நல்லா யோசிச்சுச் சொல்லுன்னு கேட்டப்ப, இல்லீங்கம்மா நா எடுக்கலீங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தனுங்க. உங்க மொகத்தப் பாத்தன். நீங்க தலைய ஆட்டுனீங்க. கோர்ட்டுக்காரரே ஆட்டறாரு, ஒத்துக்கறதுதான் நமக்கு நல்லதாட்ட இருக்குதுன்னு சொல்லீட்டனுங்க. தெரிஞ்சுதான் ஆட்டுனீங்களா?"

ஆமாம் என்றேன்.

அவர் நாற்காலியை எடுத்து மடக்கிச் சுவரில் சாய்த்தார். நான் வந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் தேதி, பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டிலும் பொய் எழுதியிருக்கிறேன். அவர் பேசாமல் நின்ற அந்த நேரத்தில் என் மனசு ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். இவர் ஒத்துக்கொண்டால் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுவார், கட்டு முடிந்து ரிக்கார்டு ரூமுக்குப் போய்விடும், அந்த உறையை இனி ஒருவரும் பிரிக்க மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டினேன்.

வக்கீலுக்கு எழுதிய பிரமாணப் பத்திரம் இரண்டு பக்கம். அதில் இது இல்லை. வசந்தாமணி சாப்பிடக் கூப்பிடுகிறாள். அதற்கு முன் மூன்றாவது பக்கத்தை எழுதிவிடப் போகிறேன்: "மேற்படி சென்னியப்பன் தாமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நான் தலையசைத்ததைப் பார்த்து ஒப்புக்கொண்டார்."